மீன் எண்ணெய் குடித்த செயின்

நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் செயின் கிறுக்கன். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே குனிந்து பின்சக்கரத்தின் பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் இயந்திரப் பராமரிப்பு எனக்கு வேலை. நாள் முழுக்க சுற்றுகிற சாமான்களுக்கு எண்ணெய் விட்டுப் பழகியவனுக்கு வறண்டு கிறீச்சிடும் செயினைக் கண்டால் பொறுக்காது.

அதனால்தான் ஜபார் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தான். எங்கள் ஆலையில் என்னோடு வேலை பார்த்தவன். கல்யாணமான சில மாதங்களில் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். எண்பதுகளின் தொடக்கம் அது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதை விட்டுவிட்டு, டேப் ரிக்கார்டரில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள். எனக்கும் ஒரு கேசட் வந்தது. மூன்று வருடம் கழித்து லீவில் வருகிறானாம். பம்பாயில் இறங்கி ரயிலில் கொச்சிக்கு வருவானாம். அவனுடைய மோட்டார் சைக்கிள் மட்டாஞ்சேரியில் மாமனார் வீட்டில் நிற்கிறது, தான் வருவதற்குள் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தான். வந்த மறுநாளே மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஆலுவா ஆற்று மணலுக்குக் கூட்டிப் போவதாக, கிளம்பும்போதே அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

கேசட்டின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். அவன் மனைவி மைமூன் அனுப்பும் ஒவ்வொரு கேசட்டும் "வண்டிக்கு எண்ணெ போட்டாச்சு" என்றுதான் முடியுமாம். அவள் பேசும்போது அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வேறு என்னதான் சொல்ல முடியும்? அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் டேப்பைக் கடைசி வரை ஓட்டுவதாகச் சொன்னான். ஆலையில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

எர்ணாகுளத்தில் மட்டாஞ்சேரிப் படகைப் பிடித்திருக்க வேண்டும். நான் பிடித்தது போர்ட் கொச்சிப் படகு. இரண்டும் ஒரே துறையிலிருந்து ஒரே மாதிரி புகை விட்டுக்கொண்டு கிளம்பின. இறங்கிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. ஸ்பானர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாகவே நடந்தேன். மட்டாஞ்சேரியின் சரக்குக் கிட்டங்கித் தெருவில் மிளகும் சுக்கும் காற்றிலேயே கலந்திருக்கின்றன. எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கைவண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நான் தும்மி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, வெளியூரா என்று தமிழிலேயே விசாரித்தார். ஜபாரின் மாமனார் வீட்டுக்கு வழியும் அவரே காட்டினார்.

ஜபாரின் மாமனார் ஹனீபா ராவுத்தர் சரக்கு வள்ளங்கள் வைத்திருப்பவர். கிட்டங்கிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் பெரிய மரத் தோணிகளைத்தான் அங்கே வள்ளம் என்கிறார்கள். மனைவியை இழந்தவர். வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். தாத்தா காலத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கணக்கு வழக்கு மலையாளத்தில். என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். மைமூன் கதவுக்குப் பின்னால் நின்று வணக்கம் சொன்னது கேட்டது. அன்று அவள் என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் அத்தாவிடம் சொன்னாள், அவர் அதை என்னிடம் சொன்னார். மூன்று பேருக்கும் ஒரே மொழி. ஆனாலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்குக் கூச்சமாகிவிட்டது. நான் பரம்பரை சைவம். ஜபார் அதையும் கேசட்டில் சொல்லியனுப்பியிருக்கிறான். அதற்காகவே புதுச் சட்டி வாங்கி வைத்து, அதில் கடலைக் கறி செய்து, புட்டோடு நேந்திரம்பழமும் பப்படமும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு ராவுத்தர் விருந்தாளி வந்தால் நாங்கள் இத்தனை யோசிப்போமா என்று நினைத்துப் பார்த்தேன். யோசிக்க மாட்டோம் என்றுதான் தோன்றியது.

வண்டி முன்கட்டு நடையில், இரண்டு பலகைகளின் மேல், கயிற்றுப் பாயால் மூடி நின்றது. பாயை எடுத்ததும் வாடை முகத்தில் அடித்தது. மீன் சந்தையைத் தாண்டி வந்தபோது கூட இவ்வளவு வீசவில்லை. கண்ணில் பட்டது மட்டும் நம்ப முடியாததாக இருந்தது. உப்புக் காற்றில் மூன்று வருடம் நின்ற வண்டி, ஒரு பொட்டுத் துருவில்லை. சக்கர வளையம், கம்பிகள், செயின் எல்லாம் பழுப்பும் கறுப்புமாகப் பளபளத்தன. அந்தத் தெருவில் நான் பார்த்த மற்ற வண்டிகளின் செயின்கள் செங்கல் நிறத்தில் இருந்தன. மைமூனைப் பாராட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பின்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். அது நகரவில்லை.

என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டேன். ராவுத்தர் பெருமையாகச் சொன்னார். "மத்தி எண்ணெ தம்பி. கடல் காத்து இரும்பத் தின்னுரும். தேங்காண்ணெ போட்டா ரெண்டு நாளுதான் நிக்கும். எங்க வள்ளத்துக்கெல்லாம் மீனெண்ணெதான். எத்தன மழை பார்த்தாலும் ஒண்ணும் ஆவாது."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மத்தி மீனிலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் காற்றுப் பட்டால் காய்ந்து, வார்னிஷ் பூசினாற்போல் இறுகிவிடும். மரத்துக்கு அதுதான் வேண்டும், தண்ணீர் உள்ளே போகாது. செயினுக்கோ எண்ணெய் எண்ணெயாகவே இருந்தாக வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அதன் முளையைச் சுற்றித் திரும்புவதற்குத்தான் எண்ணெயே. வள்ளத்துக்கு வருடம் ஒரு முறை பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுவார்களாம். செயினை யாரும் சுரண்டவில்லை. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பழையதன் மேல் புதியது ஏறியிருக்கிறது. பூட்டுக் கண்ணியின் கிளிப்பை நெம்பி எடுத்துச் செயினைக் கழற்றினேன். பல்சக்கரத்தில் எப்படி வளைந்து கிடந்ததோ அதே வளைவோடு அது தரையில் விறைத்து நின்றது.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு நின்றது. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறினால் சரியாகிவிடும் என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன். எனக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

மறுநாள் பெரும்பாடு. மண்ணெண்ணெய் கிடைப்பது அங்கேயும் குதிரைக்கொம்பு. ராவுத்தர் தன் வள்ளக்காரர்கள் வீடு வீடாகச் சொல்லி அனுப்பி, ஒரு தகரம் நிறையச் சேர்த்தார். அதில் செயினை முக்கி, பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன், கண்ணி கண்ணியாக மடக்கிப் பார்த்தேன். மேற்பூச்சு கொஞ்சம் கரைந்தது. உள்ளே இருந்தது அசைந்து கொடுக்கவில்லை. மாலைக்குள் என் விரல்கள்தான் தேய்ந்தன. தங்கியிருந்த விடுதிக்குப் போய் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் கை மணத்தது. என் அப்பா இருந்திருந்தால் என்னை வீட்டு வாசற்படி ஏற விட்டிருக்க மாட்டார்.

அடுத்த நாள் காலை ராவுத்தரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். செயின்தானே, அதுக்கு எதற்கு இந்தப் பாடு, எர்ணாகுளத்தில் புதுசு கிடைக்கும், வாங்கி மாட்டிவிடலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. செயின் தேயும், மாற்றுவோம், உலக வழக்கம் அதுதான். படகேறினேன். பாதி வழியில் இன்ஜின் நின்றுபோய், படகு பாட்டுக்கு நீரோட்டத்தில் மிதந்தது. யாரும் பதறவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார். என் கையிலிருந்த வாடைக்கு எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் மூன்று வரிசை காலியாகியிருக்கும். அவர் எந்த வள்ளத்தில் வேலை என்று மட்டும் கேட்டார்.

கடையில் சரியான அளவில் புதுச் செயின் இருந்தது. வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினேன். முன்கட்டில் அட்டைப் பெட்டியை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தபோது மைமூன் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். அதுவரை நான் முகம் பார்த்திராத பெண். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நேராக என்னிடமே பேசினாள்.

"புதுசு மாட்டினா வண்டி ஓடும், அண்ணே. எனக்கு அறியும். ஆனா பழசு எங்கேண்ணு அவரு கேப்பாரு. நான் என்ன பறய, என்ன சொல்ல? ஒவ்வொரு கேசட்டுலயும் எண்ணெ போட்டேன், எண்ணெ போட்டேன்னு சொன்னது நான்தானே. சொன்னதெல்லாம் வண்டியக் கெடுத்த கதையாப் போவும்."

ராவுத்தர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நானும் அந்த அட்டைப் பெட்டியை மூடினேன். மூன்று வருடமாக இரண்டு பேர் பேசிக்கொள்ள இருந்தது அந்த ஒரு வரிதான். அதற்குப் பதில் புதுச் செயின் வாங்கி வந்து நின்ற என்மேல் எனக்கே எரிச்சலாக இருந்தது. ஆனால் எரிச்சலால் செயின் இளகாது. என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினேன்.

அங்கே கொடியில் ராவுத்தரின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று இருந்தன. நாள் முழுக்க எண்ணெய் பூசிய வள்ளங்களில் ஏறி இறங்குகிற மனுஷன் அவர். மண்ணெண்ணெய்க்கு அசையாத கறை சட்டையை விட்டு எப்படிப் போனது? மைமூனைக் கூப்பிட்டுக் கேட்டேன். காரம் போட்டு அவிப்பேன் என்றாள். சலவைச் சோடாவைத்தான் காரம் என்கிறார்கள். சொன்னவள் என்னைப் பார்த்தாள். நான் முன்கட்டைப் பார்த்தேன். அவள் உள்ளே போய், துணி அவிக்கும் செம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் கொல்லையில் அடுப்பு மூட்டினோம். பானையில் தண்ணீர், கைநிறையச் சலவைச் சோடா, அதற்குள் செயின். ராவுத்தர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, என்னென்னவோ சமைத்துப் பார்த்திருக்கிறேன், இதற்கு என்ன மசாலா என்று கேட்டார். கொதி வந்ததும் நுரை பொங்கியது. பழுப்பாக, பிறகு கறுப்பாக. வாடை தெருமுனை வரை போயிருக்க வேண்டும். மதில்மேல் நாலைந்து பூனைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. தண்ணீரை மாற்றி இரண்டாம் முறை கொதிக்க வைத்தோம். இரண்டு குச்சிகளால் மைமூன் செயினைத் தூக்கிப் பிடித்தாள். நடுவில் ஒரு கண்ணி மடிந்தது. அடுத்தது மடிந்தது. பிறகு மொத்தச் செயினும் குச்சியிலிருந்து நழுவித் தொப்பென்று பானைக்குள் விழுந்தது. சுடுதண்ணீர் என் காலில் தெறித்தும் சிரிப்புத்தான் வந்தது. அவளும் சிரித்தாள்.

அதோடு வேலை முடிந்துவிடவில்லை. சோடாவில் வெந்த இரும்பு எண்ணெயே இல்லாத வெற்று இரும்பு. கோவையின் காய்ந்த காற்றில் ஒரு நாள் தாங்கும். கொச்சியில் நாங்கள் ஒரு சாயா குடித்து முடிப்பதற்குள் செயினின் ஓரங்கள் சிவக்க ஆரம்பித்துவிட்டன. போதாததற்கு மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே அந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் மழை வராமல் இருந்தால்தான் செய்தி. செயினை அடுப்புச் சூட்டில் காட்டி ஈரத்தைப் போக்கினேன். நான் பையில் கொண்டுவந்திருந்த கிரீஸைப் பழைய இரும்புச் சட்டியில் மெல்ல உருக்கி, அதற்குள் செயினைச் சுருட்டிப் போட்டேன். சூட்டில் கிரீஸ் இளகி முளைகளுக்குள் இறங்க வேண்டும். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை அது. மழையோ நிதானமாக வரவில்லை. சட்டியின் மேல் ராவுத்தர் குடை பிடித்தார். நனைந்துகொண்டிருந்த எங்கள் இரண்டு பேரையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

சூடு கொஞ்சம் தணிந்ததும் செயினை எடுத்து, வடிய விட்டு, வெளிப்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்தேன். எண்ணெய் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும். வெளியே இருந்தால் மண்ணைத்தான் பிடிக்கும். மாலையில் பல்சக்கரத்தில் ஏற்றிப் பூட்டினேன். பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் வழியில் கழன்றுவிடும். தொய்வு வைக்கும்போது ராவுத்தர் குறுக்கே வந்தார். கயிறானாலும் சங்கிலியானாலும் இழுத்துக் கட்டினால்தான் அவருக்குத் திருப்தி. இரண்டு விரல் அளவு மேலும் கீழும் ஆட வேண்டும், இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் தானே இறுகிக்கொள்ளும் என்று விளக்கினேன். வள்ளத்தில் இப்படிக் கட்டினால் வேலையை விட்டே நிறுத்தியிருப்பேன் என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் வெளியே எடுத்தேன். பெட்ரோல், பிளக், பிரேக், காற்று எல்லாவற்றையும் செயின் ஊறிக்கொண்டிருந்த நாட்களிலேயே பார்த்து முடித்திருந்தேன். நாலாவது உதையில் இன்ஜின் உயிர் பிடித்தது. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி எர்ணாகுளம் வரை போய், கலூர் வழியாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினேன். கியர் மாற்றும்போது ஒரு உதறல் இல்லை. பாலத்தின் மேல் வேகத்தைக் குறைத்துக் காதைத் தீட்டிக் கேட்டேன். செயின் இருக்கிற சத்தமே இல்லை. நல்ல செயினுக்கு அதுதான் அடையாளம். அன்று எனக்கு இருந்த சந்தோஷம் சொந்த வண்டி வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. ஊருக்கு ரயில் மதியம்தான். அதற்குள் இன்னொரு சுற்றும் போய்வரலாமா என்று ஆசை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுவாசலில் வண்டியை நிறுத்தினேன். ராவுத்தர் வள்ளத்துறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வண்டியை ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, என் தோளில் தட்டிவிட்டுப் போனார். மைமூன் வாசற்படியில் நின்றாள். இப்போது கதவுக்கு முன்னால்தான் நின்றாள். ஜபார் வந்த மறுநாளே ஆலுவாவுக்குப் போய்வரலாம், திருச்சூர் வரை போனாலும் பயமில்லை, அது அதே செயின்தான் என்று சொன்னேன். தலையாட்டினாள். அவள் சந்தோஷப்பட்டாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வேறு ஏதோ கேட்க நிற்கிறாள் என்றும் தெரிந்தது. நான் ஸ்பானர்களைத் துடைத்துப் பையில் போட்டு முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"மீனெண்ணெ வேண்டா, அது மனசிலாச்சு. பின்னே என்ன எண்ணெ? எத்தன நாளைக்கு ஒருக்கா? மழைக் காலத்துல எப்படி?"

அதற்கெல்லாம் நீ ஏன் கவலைப்படுகிறாய், ஜபார் வந்துவிடுவான், அவன் பார்த்துக்கொள்வான் என்றேன்.

"நாப்பது நாளு லீவு, அண்ணே. அது வரைக்கும் அவரு நோக்குவாரு. கழிஞ்சா நான்தானே?"

 பையைத் திறந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நான் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்ற, செயினின் உள்பக்கத்தில் கண்ணிக்கு ஒரு சொட்டாக விடச் சொன்னேன். சிந்தாமல் விட்டாள். இன்னொரு முறை சுற்றச் சொன்னாள், சுற்றினேன். ஜபாரின் விமானம் அன்று இரவுதான் பம்பாயில் இறங்க வேண்டியிருந்தது.